சிறைப்பட்ட காற்றும் சலவைத் தொட்டியும்

ஐஸ்லாந்துத் தீவில் திங்வெட்லிர் என்னும் தேசியப் பூங்காவுக்குள் சில்ஃப்ரா என்றொரு பிளவு இருக்கிறது. வட அமெரிக்கப் புவித்தட்டும் யுரேசியப் புவித்தட்டும் மெல்ல மெல்ல விலகிச் செல்லும் இடத்தில் பாறை வெடித்து உண்டான அந்தப் பிளவில், லாங்யோகுட்ல் என்ற பனிப்பரப்பின் உருகுநீர், ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தூரம் எரிமலைப் பாறைகளின் நுண்துளைகளினூடே பல பத்தாண்டுக் காலம் கசிந்து வந்து, ஸ்படிகம் போன்ற நிர்மலத்தோடு நிரம்பி நிற்கிறது. கோடையானாலும் குளிர்காலமானாலும் அதன் உஷ்ணநிலை 2 டிகிரியிலிருந்து 4 டிகிரி செல்சியஸ் வரைதான். அந்த ஜலத்தில் அரைமணி நேரம் மூழ்கியிருந்து கரையேறும் மனிதருடைய உதடுகள் மரத்துப்போயிருக்கும், விரல்கள் சொன்னபடி கேளா. ஆனால் அவர் மேலுடையைக் கழற்றிவிட்டு நிற்கும்போது மார்பிலும் வயிற்றிலும் கை வைத்துப் பார்த்தால், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவருடைய உடம்பைப் போல வெதுவெதுப்பாக இருக்கும்.

இந்த வெதுவெதுப்புக்குக் காரணம் கேட்டால், தண்ணீர் புகாத அந்த மேலுடையைத்தான் எல்லாரும் சுட்டிக் காட்டுவார்கள். டிரைசூட் என்று வழங்கும் அந்த உடைக்குக் கிடைக்கும் புகழில் பாதிக்கு அதற்கு அருகதை கிடையாது என்பது என் அபிப்பிராயம். நைலானுக்கும் பாலியெஸ்டருக்கும் நடுவே ஒரு ரப்பர்ப் படலத்தை வைத்து ஒட்டிய மெல்லிய துணி அது. தண்ணீரை வெளியே நிறுத்தி வைப்பதோடு அதன் கடமை தீர்ந்தது. உஷ்ணத்தைக் காப்பதில் அதனால் சொல்லும்படியான பிரயோஜனம் இல்லை. காப்பது அதனுள்ளே, பிறர் கண்ணில் படாமல், பெரிய குழந்தையின் அங்கியைப் போல உடம்பெல்லாம் மூடிக் கிடக்கும் தடித்த உள்ளுடை. இன்னும் நுணுகிப் பார்த்தால் அந்த உள்ளுடையும் அல்ல, அதன் இழைகளுக்கிடையே அசையாமல் அகப்பட்டுக் கிடக்கும் காற்று.

அசையாத காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உஷ்ணத்தைக் கடத்துகிறது. அத்துடன், ஒரே கன அளவுள்ள காற்றையும் நீரையும் ஒரு டிகிரி சூடாக்க வேண்டுமானால், நீருக்குக் காற்றைப் போல் சுமார் 3,500 மடங்கு வெப்பம் தேவைப்படுகிறது. ஆகவே குளிர்ந்த நீரில் இருக்கும் சரீரம், எவ்வளவு கொடுத்தாலும் நிரம்பாத ஒரு கடன்காரனுக்குத் தன் உஷ்ணத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு நடுவே காற்றை நிறுத்தி வைத்தால் போதும். ஆனால் காற்று தானாக ஓரிடத்தில் நிற்கும் ஸ்வபாவம் உடையதன்று; சூடானால் மேலெழும், குளிர்ந்தால் கீழிறங்கும், அப்படிச் சுழன்று சுழன்றே உஷ்ணத்தை எடுத்துச் சென்றுவிடும். அதைச் சிறுசிறு அறைகளாகத் தடுத்துச் சிறைவைப்பதற்குத்தான் இழை வேண்டியிருக்கிறது. உடைகளின் வெப்பக்காப்பை அளப்பதற்காக 1941-இல் உடலியலார் மூவர் 'க்ளோ' என்று ஓர் அலகை வகுத்தார்கள். சாதாரண அறையில் கோட்டும் சட்டையும் அணிந்து சும்மா உட்கார்ந்திருப்பவருக்குச் சௌகரியமாயிருக்கும் அளவே ஒரு க்ளோ. அந்த அலகைக்கொண்டு பலவகைத் துணிகளை அளந்து பார்த்தபோது, கம்பளியோ பருத்தியோ செயற்கை இழையோ எதுவானாலும், ஒரு சென்டிமீட்டர்த் தடிமனுக்கு ஏறக்குறைய ஒன்றரை க்ளோ என்றே கணக்கு வந்தது. துணியின் குலம் கோத்திரத்தைப் பற்றி அங்கே கேள்வியில்லை. அது எத்தனை தடிமன் காற்றைப் பிடித்து வைத்திருக்கிறது என்பது ஒன்றுதான் கேள்வி.

அப்படியானால் எந்தத் துணியையும் தைத்து மாட்டிக்கொண்டு இறங்கிவிடலாமே என்று தோன்றும். உலர்ந்திருக்கும் வரையில் இறங்கலாம். நனைந்த பிறகுதான் ஒவ்வொரு இழையின் குணமும் வெளிப்படுகிறது. பருத்தி தண்ணீரைக் குடித்துத் துவண்டு உடம்போடு ஒட்டிக்கொள்ளும். காற்று இருந்த இடமெல்லாம் நீராகிவிடும். இதை முன்னோர் அனுபவத்தாலேயே அறிந்திருந்தார்கள். 1782-இல் இங்கிலாந்தின் தென்கரையில் ஸ்பிட்ஹெட்டில் கவிழ்ந்த 'ராயல் ஜார்ஜ்' என்ற போர்க்கப்பலின் எச்சங்களை அகற்றுவதற்காக, 1839 முதல் கர்னல் பாஸ்லியின் மேற்பார்வையில் ஆட்கள் செப்புத் தலைக்கவசமும் ரப்பர் பூசிய கித்தான் உடையும் தரித்து இறங்கினார்கள். அந்தக் கனத்த கோலத்தை அணிந்து வடகடல்களில் வேலைசெய்த தலைமுறைகள் எல்லாம், உள்ளே கம்பளிச் சட்டையின்மேல் கம்பளிச் சட்டை, கம்பளிக் காலுறை, தலைக்குக் கம்பளிக் குல்லாய் என்று ஆட்டின் தயவிலேயே உயிரோடு திரும்பின. கூஸ்தோ என்ற பிரெஞ்சுக் கடலறிஞர் பிற்காலத்தில் எங்கும் அணிந்து திரிந்த சிவப்புக் குல்லாய், அந்தப் பழைய மூழ்காளரின் குல்லாய்க்குச் செய்த மரியாதையே என்பர்.

கம்பளிக்குப் பின்னால் வந்தவை இரண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்து மால்டன் மில்ஸ் என்ற ஆலை 1970-களின் முடிவில், பாலியெஸ்டர்ப் பின்னலைச் சீவி மயிர்ப்படுத்தி, இன்று ஃப்ளீஸ் என்று கடைகளில் தொங்கும் மெத்துமெத்தென்ற துணியை உண்டாக்கிற்று. அதே காலத்தை ஒட்டி த்ரீஎம் கம்பெனி, தலைமயிரைவிட மிக மெல்லிய செயற்கை இழைகளைப் பஞ்சுப் படலமாக்கி 'தின்சுலேட்' என்ற பெயரில் விற்கத் தொடங்கிற்று. பாலிப்ரோப்பிலீன், பாலியெஸ்டர் ஆகிய இந்த இழைகள் தம் உடலுக்குள் தண்ணீரை ஏறக்குறைய வாங்குவதே இல்லை. கம்பளியோ தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உள்வாங்கியும் தொட்டால் நனைந்ததாகத் தோன்றாது. நீராவியை ஏற்கும்போது சிறிது உஷ்ணத்தையும் வெளியிடும்.

இனி, அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது? உடை கிழியாதபோதும் வருகிறது. மனித சரீரம் சும்மா இருக்கும்போதும் தோலின் வழியே ஓயாது ஆவியை விட்டுக்கொண்டிருப்பது. கனத்த காற்று உருளைகளைச் சுமந்து கரையில் நடக்கையில் வியர்வையும் சேர்கிறது. இந்த ஆவி, உள்ளுடையின் இழைகளைக் கடந்து வெளியே சென்று, மூன்று டிகிரி நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் ரப்பர்ச் சுவரில் மோதி, குளிர்ந்த சோடா பாட்டிலின்மேல் முத்து முத்தாக நீர் கோத்துக்கொள்வது போலவே, அங்கே திவலைகளாகிறது. கரையேறியதும் உள்ளுடையின் வெளிப்புறத்தைத் தடவிப் பார்த்து, 'உடை ஒழுகுகிறது' என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகும் புதியவர்கள் உண்டு, ஒழுகியது அவர்களே. இரண்டாம் உலகப் போரில் மனித டார்பீடோக்களை ஓட்டிய பிரிட்டிஷ் மாலுமிகள், தாங்கள் அணிந்த ஸ்லேடன் உடைக்கு 'பிசுபிசுத்த சாவு' என்று பொருள்படும் ஒரு செல்லப்பெயர் இட்டிருந்தார்கள். பெயரே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. இதோடு இன்னொன்று. குளிர்நீரில் மூழ்கியவுடன் கைகால்களின் இரத்தம் நடுவுடலுக்குத் தள்ளப்படவே, உடம்பில் திரவம் மிகுந்துவிட்டதாகக் கருதிச் சிறுநீரகங்கள் அவசரமாக வேலையைத் தொடங்கிவிடும். அதற்கென்று குழாய் வைத்த உடைகள் உண்டு. அந்தக் குழாய் கழன்று கொண்டதும் உண்டு. அதற்குமேல் விஸ்தரிக்க நான் விரும்பவில்லை. அப்படிப்பட்ட தினத்தில் உள்ளுடையை மறுநாள்வரை மூட்டைகட்டி வைக்காமல் அன்றைக்கே நிறையத் தண்ணீரில் அலசிவிட வேண்டும் என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன்.

ஆகவே சலவை அவசியமாகிறது. ஆனால் அடிக்கடி அல்ல. தோலை ஒட்டி அணியும் மெல்லிய அடியுடை வேறு, அதன்மேல் அணியும் தடித்த காப்புடை வேறு. மெல்லியது, வியர்வையைத் தோலிலிருந்து உறிஞ்சி வெளிப்புறம் கடத்துவதற்காக ஏற்பட்டது. அதை அன்றாடம் துவைக்கலாம், துவைக்கவும் வேண்டும். முக்கியமாகச் செயற்கை இழையாயின் உடம்பின் எண்ணெய்ப்பசை அதைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டு, நுண்ணுயிர்களுக்கு உணவாகி, இரண்டாம் நாளே தன் வாசனையைப் பகிரங்கப்படுத்தும். இந்த விஷயத்தில் கம்பளி எவ்வளவோ பொறுமையுள்ளது. தடித்த காப்புடையை மாத்திரம், ஒவ்வொரு முறையும் புரட்டிப்போட்டுக் காற்றாட உலர்த்திவிட்டு, உண்மையில் அழுக்கேறிய பிறகே தொட்டியில் இடுவது விவேகம். ஒவ்வொரு சலவையும் அதன் தடிமனில் கொஞ்சம் கொண்டுபோகிறது. தடிமன் போவது என்றால் காற்று போவது.

கம்பளியைத் துவைப்பதில் எங்கள் வீட்டில் ஒரு சரித்திரம் உண்டு. என் மாமா ஊட்டியிலிருந்து வாங்கிவந்த ஸ்வெட்டர் ஒன்றை, வெந்நீரும் சலவைச் சோடாவும் சேர்த்து மற்றத் துணிகளோடு நாங்கள் கல்லில் அடித்துத் துவைத்துவிட்டோம். உலர்ந்த பிறகு எடுத்துப் பார்த்தால், அது என் தம்பிக்குக்கூடப் போதாததாய், பின்னலின் கண்ணிகளே தெரியாமல் இறுகி, மடித்தால் மடியாத தடித்த அட்டையாக மாறியிருந்தது. நூல் சுருங்கிவிட்டது என்று அப்போது சொன்னார்கள், சுருங்கவில்லை, பின்னிக்கொண்டது. கம்பளி மயிரைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தால், தென்னையின் பட்டைத் தழும்புகளைப் போல, அல்லது மீனின் செதில்களைப் போல, ஒரே திசை நோக்கி அடுக்கிய ஓடுகள் தெரியும். வெந்நீரிலும் காரத்திலும் அந்தச் செதில்கள் விரிந்து நிற்கின்றன. அப்போது கசக்கினால், ஒவ்வொரு மயிரும் அடிநுனியின் பக்கமாக நகரும், திரும்பி வர முயன்றால் செதில் மாட்டிக்கொள்ளும். முன்னேறத்தான் வழியுண்டு, பின்வாங்க வழியில்லை. இப்படி ஆயிரக்கணக்கான இழைகள் ஒன்றையொன்று இழுத்துப் பிணைத்து, நடுவிலிருந்த காற்றையெல்லாம் நசுக்கி வெளியேற்றிவிடுகின்றன. தவிரவும், கம்பளி என்பது நம் நகமும் மயிரும் போன்ற கெராட்டின் என்ற புரதம். அதன் மூலக்கூறுகளைக் கட்டிவைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளைக் காரம் அறுக்கும். முட்டைக்கறை, பால்கறை முதலியவற்றைத் தின்பதற்காகச் சலவைத்தூளில் கலக்கும் நொதிகளோ, கறையும் புரதம் ஆடையும் புரதம் என்பதால், இரண்டுக்கும் பேதம் பாராட்டுவதில்லை. பட்டுக்கும் கம்பளிக்கும் பூந்திக்கொட்டை நுரையையே நம் பாட்டிமார் நம்பியதன் காரணம் இப்போது விளங்குகிறது: அதில் காரம் இல்லை, மெல்லிய அமிலத்தன்மையே இருக்கிறது. இக்காலத்தில் கம்பளிக்கென்று விற்கும் நடுநிலைத் திரவச் சோப்பு அந்த வேலையைச் செய்யும். செதில்களை இரசாயன முறையில் மழுக்கி, மேலே ஒரு பிசின் பூசிய கம்பளியும் வருகிறது. அதை மெஷினில் இடலாம் என்று சீட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

செயற்கை இழைக்கு இந்த ஆபத்துகள் இல்லையாதலால், அதைத் துவைப்பவர்கள் அசட்டையாகி விடுகிறார்கள். அதற்கு வரும் கேடு வேறு வழியில் வருகிறது. சோப்பின் மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் ஒரு முனை எண்ணெயை விரும்பும், மறுமுனை நீரை விரும்பும். நீரை விரும்பாத பாலிப்ரோப்பிலீன் இழையின்மேல், அலசாமல் விட்ட சோப்பு தன் எண்ணெய் முனையால் ஒட்டிக்கொண்டு நீர் முனையை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான்: தண்ணீரை விலக்கிக்கொண்டிருந்த இழை, தண்ணீரை வரவேற்கும் இழையாகிவிட்டது. மணிக்கட்டின் ரப்பர் வளையத்தில் ஒரு சிறு கசிவு ஏற்பட்டாலும், முன்பு அங்கேயே திரண்டு நின்றிருக்கக்கூடிய நீர், இப்போது விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவது போல முழங்கைக்கும் தோளுக்கும் ஏறும். இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். உலர்ந்த உள்ளுடையைப் பலகையின்மேல் விரித்து, ஸ்பூன் முனையால் ஒரு சொட்டுத் தண்ணீரை அதன்மேல் விட்டுக் குனிந்து பார்த்தால், நன்றாக அலசிய துணியில் அந்தச் சொட்டு, தாமரை இலைத் தண்ணீராக உருண்டு, ஜன்னலின் வெளிச்சத்தைத் தாங்கி நிற்கும்; சோப்பு மிஞ்சிய துணியிலோ விளிம்பு கலைந்து, தட்டையாகி, கருநிழலாகப் படர்ந்து, நாம் பத்து எண்ணுவதற்குள் மறைந்தே போகும். மறைந்தால், திரும்பவும் தொட்டிக்குத்தான் போக வேண்டும், இந்தத் தடவை சோப்பில்லாமல்.

துணியை மிருதுவாக்கி வாசனையூட்டுவதாக விற்கும் கண்டிஷனர்த் திரவங்களைப் பற்றி எனக்கு நல்லெண்ணமே கிடையாது. அவற்றிலுள்ள பொருள் நேர்மின்னேற்றம் உடையது. துணியிழைகள் நீரில் எதிர்மின்னேற்றம் கொள்வன. ஆகவே அது அலசினாலும் போகாதபடி இழையெங்கும் கொழுப்புப் படலமாகப் படிகிறது. கைக்கு வழவழப்பாக இருப்பது அந்தப் படலமே. மெல்லிய அடியுடையில் அது படிந்தால், வியர்வை கடந்துசெல்லும் நுண்வழிகள் அடைபட்டு, ஈரம் தோலிலேயே தங்கும். இருபது டிகிரி அறையில் அதனால் நஷ்டமில்லை. மூன்று டிகிரி நீரில் நஷ்டமுண்டு.

துவைக்கும் முறையை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஜிப்புகளை மூடி, உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, 30 டிகிரிக்கு மேற்படாத வெதுவெதுப்பான நீரில், வழக்கமாக இடுவதில் பாதியளவே சோப்பிட்டு, சப்பாத்தி மாவு பிசைவதைப் போல அமுக்கி அமுக்கி எடுத்தால் போதும். அடிப்பதும் தேய்ப்பதும் முறுக்குவதும் கூடா. மின்சூடு தரும் உள்சட்டை அணிபவர்கள் பாட்டரியை முதலில் கழற்ற மறக்க வேண்டாம். மெஷினில் இடுவதாயின், நடுவே தண்டு சுழலும் வகையைவிட முன்பக்கம் திறக்கும் வகை மேலானது. அலசுவதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். கையை விட்டுக் கலக்கினால் ஒரு குமிழிகூட எழாத வரையில் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நீர் நிரம்பிய உள்ளுடை, தண்ணீரிலிருந்து தூக்கிய கன்றுக்குட்டியின் கனம் கனக்கும். தோளைப் பிடித்துத் தூக்கினால் தையலும் பின்னலும் இழுபட்டு நீண்டுவிடும். இரு கைகளையும் அடியில் கொடுத்து ஏந்தி, துண்டின்மேல் கிடத்திச் சுருட்டி, முழங்காலால் அழுத்தினால் பாதி நீர் போய்விடும்.

சில்ஃப்ராவில் நனைந்த உடைக்கு இவ்வளவு போதும், அது நன்னீர். நார்வேயின் கடற்கழிகளிலோ, 1919-இல் ஜெர்மானியக் கடற்படை தன்னைத்தானே மூழ்கடித்துக்கொண்ட ஸ்காபா ஃப்ளோவிலோ கடல்நீர் உள்ளே புகுந்திருந்தால் விஷயம் வேறு. ஒரு லிட்டர்க் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. அதில் நாம் சாப்பிடும் உப்பு மட்டுமின்றி மெக்னீசியம் குளோரைடும் உண்டு. ஐப்பசி மாதத்து அடைமழையில் சமையலறை உப்புச்சாடி நீர்விட்டுக் கசிவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுத்தமான சாப்பாட்டுப்பு, காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75-ஐத் தாண்டினால்தான் கசியும். மெக்னீசியம் குளோரைடோ 33-லேயே கசியத் தொடங்கிவிடும். எனவே உப்பு ஊறிய உள்ளுடையை எத்தனை நாள் கொடியில் போட்டாலும், அது காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துக் குடித்து, தொட்டால் சில்லென்றே இருக்கும். அது உலராதது வெயிலின் குறையால் அல்ல. முதலில் நன்னீரில் உப்பைக் கரைத்துப் போக்க வேண்டும்.

உலர்த்துவதிலும் அவசரம் உதவாது. கம்பளியைத் தட்டையாகக் கிடத்தியும், செயற்கை இழையைத் தடித்த தோள்பட்டையுள்ள ஹாங்கரில் தொங்கவிட்டும், நிழலில் காற்றோட்டமாக விட வேண்டும். பாலிப்ரோப்பிலீனை உச்சிவெயில் நாளடைவில் முறியச் செய்யும். 160 டிகிரியை ஒட்டி உருகிவிடும் அந்த இழைக்கு, அதற்கு வெகு கீழேயே தளர்ச்சி வந்துவிடுவதால், சூடான உலர்த்தியில் சுழற்றினால் நுண்ணிழைகள் தம் சுருளை இழந்து படிந்துபோகும். படிந்தது மறுபடி எழும்புவதில்லை. பெட்டிக்குள் அமுக்கித் திணித்து, மேலே காற்று உருளையை வைத்து அடுத்த பருவம் வரை மூடிவிடுவதும் இதே பாவத்தைச் சேர்ந்தது. நீருக்கடியில் ஒவ்வொரு மீட்டர் ஆழ வித்தியாசத்துக்கும் சதுர மீட்டருக்கு ஒரு டன் வீதம் அழுத்தம் கூடுவதால், நிமிர்ந்து நிற்கும் மூழ்காளரின் உடைக்காற்று தோள்பக்கம் திரண்டுவிட, கால்களில் துணி ஏற்கனவே நசுங்கிக்கொண்டுதான் இருக்கிறது; அந்த நசுக்கலை எதிர்த்து எழும்பி நிற்பதே இழையின் உத்தியோகம். கரையில் இருக்கும் மாதங்களிலாவது அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டாமா?

கடைசியாக ஒரு சங்கடத்தையும் சொல்லவேண்டும். 2011-இல் மார்க் பிரௌன் என்பவரும் சகாக்களும் வெளியிட்ட ஆராய்ச்சி, ஒரே ஒரு செயற்கை இழை ஆடை ஒரே சலவையில் 1,900-க்கு மேற்பட்ட இழைத்துணுக்குகளைத் தண்ணீரில் உதிர்க்கக்கூடும் என்று காட்டிற்று. சாக்கடை வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் சென்று, அங்கேயும் அகப்படாமல் தப்பும் துணுக்குகள் கடலையே அடைகின்றன. கரையோர மணலில் பிரௌன் கண்டெடுத்த நுண்பிளாஸ்டிக்கின் பெரும்பகுதி இத்தகைய இழைகளே. கடலடியைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையால் அணிந்த உடை, இப்படி வேறொரு வழியாகத் தானும் கடலடிக்குப் போய்ச் சேர்கிறது. சலவைநீரை வடிகட்டும் மெல்லிய வலைப்பைகள் இப்போது விற்கின்றன. காப்புடையை அதற்குள் இட்டுத் துவைத்து, பையின் மூலையில் சேரும் சாம்பல்நிறப் பஞ்சுருண்டையை விரலால் வழித்தெடுத்துக் குப்பையில் போடலாம். அந்த உருண்டை ஒரு கொண்டைக்கடலை அளவுதான் இருக்கும்.